நாய்களுக்கு உண்டாகும் சொறி: அதன் வகைகளும் சிகிச்சையும்

களத்தில் நெல் குவிந்து கிடக்கும் இரவுகளிலும், அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்தியிருக்கும் காலத்திலும், குடியானவன் கண்ணயர்வதற்குத் துணையாயிருப்பது அவனுடைய நாயே ஆகும். கறவை மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிடில் நாம் கவலையுற்று அதன் காரணத்தை விசாரிக்கிறோம். காவல் நாயோ மாதக்கணக்காய்ச் சொறிந்து, மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தபோதிலும் அதைப் பொருட்படுத்துவோர் சிலரே. இறுதியில் அது வீட்டை விட்டு விரட்டப்படுகிறது. சொறிநாய் என்பது நம் மொழியில் வசைச் சொல்லாகவே வழங்கிவருவது யாவரும் அறிந்ததே. ஆயின் இந்நோய் பெரும்பாலும் குணமாகக் கூடியது என்பதும், தற்காலத்தில் அதற்கான சிகிச்சை முன்னைவிட மிகவும் எளிதாகியிருக்கிறது என்பதும் அநேகருக்குத் தெரிவதில்லை.

சொறி என்னும் ஒரே பெயரால் நாம் குறிப்பிடுவது உண்மையில் ஒரே நோயன்று. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு நோய்கள் இப்பெயரில் அடங்கியுள்ளன. ஒன்று தொற்றும், மற்றது தொற்றாது. ஒன்றில் அரிப்பே முதற் குறி. மற்றதில் மயிர் உதிர்வதே முதற் குறி. ஒன்றுக்கு வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் மருந்திட வேண்டும்; மற்றதற்கு நோயுற்ற நாய்க்கு மாத்திரம் மருந்திட்டால் போதும், ஆனால் அந்நாயை இனவிருத்திக்கு விடலாகாது. இவ்வேற்றுமையை அறியாமல் செய்யும் வைத்தியம் பணத்தையும் காலத்தையும் வீணாக்குவதோடு சில சமயங்களில் நாயின் உயிருக்கே கேடு விளைவிக்கும். ஆகையால் இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையையும், சிகிச்சையையும், செய்யத் தகாதவற்றையும் இங்கு விவரிப்போம்.

நோயின் காரணம்

இரத்தம் கெடுவதாலோ, உஷ்ணம் மிகுவதாலோ, கண்டதைத் தின்பதாலோ சொறி உண்டாகிறதென்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பூச்சிகளே இதற்குக் காரணம். எட்டுக் கால்களையுடைய இவை உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவானவை. பேன், தெள்ளுப் பூச்சி ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தவையல்ல. மனிதருக்கு வரும் சிரங்குக்கு இத்தகைய பூச்சியே காரணம் என்பதை இத்தாலிய வைத்தியர் பொனோமோ 1687-ம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

நாய்களைப் பீடிக்கும் இப்பூச்சிகளில் முக்கியமானவை மூன்று. தோலைக் குடைந்து வாழும் ஸார்காப்டிஸ், மயிர்க்கால்களுக்குள் வாழும் டெமோடெக்ஸ், காதுக்குள் வாழும் ஒடோடெக்டிஸ் என்பன அவை.

தொற்றும் சொறி

ஸார்காப்டிஸ் பூச்சி உருண்டை வடிவானது. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம்போல் குடைந்து சென்று அதில் முட்டையிடும். முட்டை சில நாட்களில் பொரித்து, ஏறக்குறைய மூன்று வாரத்திற்குள் அடுத்த தலைமுறைப் பூச்சிகள் வளர்ந்து முதிரும். இது ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்கு நெருங்கிப் பழகுவதாலும், ஒரே கோணியில் படுப்பதாலும் பரவுகிறது. தெருநாய்கள், நரிகள் ஆகியவற்றிடமிருந்தும் வரக்கூடும்.

இதன் தலையான அறிகுறி தாங்கவொண்ணா அரிப்பே. நாய் தீனியை விட்டுவிட்டும் சொறியும். உறக்கத்திலிருந்து எழுந்தும் சொறியும். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் குதிமூட்டு, மார்பு, அடிவயிறு ஆகிய மயிர் குறைந்த இடங்களில் முதலில் சிறு சிவந்த பருக்கள் தோன்றும். பின்னர் அவ்விடங்களில் மயிர் உதிர்ந்து, மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டும். நாளடைவில் தேகம் முழுவதும் பரவி, தோல் யானைத் தோல்போல் தடித்துச் சுருங்கும். முதுகின் நடுப்பாகம் பெரும்பாலும் கடைசிவரையில் தப்பியிருக்கும்.

இதை ஐயுறுவதற்கு எளியதொரு சோதனை உண்டு. நாயின் காது மடலின் நுனியை மடித்து, விரல்களுக்கிடையில் சில விநாடிகள் தேய்க்க வேண்டும். உடனே அப்பக்கத்துப் பின்னங்காலை உயர்த்தி நாய் சொறிவதற்கு முற்பட்டால், அது இச்சொறியாக இருக்கலாம். இந்நோயுற்ற நாய்களில் ஐந்தில் நான்கு இவ்வாறு செய்கின்றன. எனினும் இது ஐயத்தை வலுப்படுத்துமேயன்றி நோயை முடிவாக நிரூபிக்காது.

தொற்றாத சொறி

டெமோடெக்ஸ் பூச்சி நீண்டு மெலிந்து சுருட்டுப் போன்ற வடிவினது. குட்டி பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள், பால் குடிக்கும்போது தாயின் தோலிலிருந்து குட்டியின் தோலுக்கு இது சென்று சேர்கிறது. பெரும்பாலான நாய்களின் மயிர்க்கால்களில் இது சிறு அளவில் தீங்கின்றி வாழ்ந்துவருகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போதே அளவின்றிப் பெருகி நோயாகிறது. ஆகையால் இது ஒரு நாயிடமிருந்து வளர்ந்த மற்றொரு நாய்க்கோ, மனிதருக்கோ தொற்றுவதில்லை.

மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையிலுள்ள இளநாய்களிடத்தில் இது மிகுதியாகக் காணப்படும். கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் காசளவு வட்டங்களாக மயிர் உதிரும். அவ்விடம் சற்றே சிவந்தும் செதிலுற்றும் இருக்கும். அரிப்பு இராது, அல்லது சிறிதளவே இருக்கும். இவ்வாறு சில இடங்களில் மாத்திரம் தோன்றும் நோய் பத்தில் ஒன்பது குட்டிகளுக்கு இரண்டொரு மாதங்களில் தானே குணமாகிவிடுகிறது. நல்ல தீனியும் குடற்புழு நீக்கமுமே அதற்குப் போதிய சிகிச்சை.

ஆனால் சில நாய்களுக்கு இது தேகமெங்கும் பரவும். மயிர்க்கால்கள் வெடித்து, அவற்றில் சீழ்க்கிருமிகள் புகுந்து, இரத்தமும் சீழும் கசிந்து, துர்நாற்றம் வீசும். பாதங்கள் வீங்கி நடக்கவும் இயலாது போகும். அப்போது அரிப்பும் வலியும் சேர்ந்துகொள்வதால் இது தொற்றும் சொறியைப்போலவே தோன்றி மயக்கம் தரும். நான்கு வயது கடந்த நாய்க்கு முதன்முறையாக இந்நோய் தோன்றினால், அதன் உடலில் வேறொரு நோய் மறைந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும். தைராய்டு முதலிய சுரப்பிகளின் கோளாறும், புற்றுநோயும், நீண்ட காலம் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகளும் இவ்வாறு நோயை வெளிப்படுத்தக் கூடியவை.

காதுச் சொறி

ஒடோடெக்டிஸ் பூச்சி தோலைக் குடையாமல் காதுத் துவாரத்தில் மேற்புறமாகவே வாழும். நாய் ஓயாமல் தலையை உதறும், காதைச் சொறியும். உள்ளே காப்பித்தூள் போன்ற கரும்பழுப்பு நிற அழுக்குச் சேர்ந்திருக்கும். தலையை உதறுவதால் சில சமயம் காது மடலில் இரத்தம் கட்டி வீங்குவதுமுண்டு. இது பூனைகளிடத்தில் மிகுதி. ஆகையால் வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கும் சேர்த்தே சிகிச்சை செய்தல் வேண்டும்.

சொறியென்று மயங்கத்தக்க பிற நோய்கள்

மயிர் உதிர்வதெல்லாம் சொறியன்று. தெள்ளுப் பூச்சியின் கடியால் உண்டாகும் ஒவ்வாமையில் இடுப்பும் வாலின் அடிப்பாகமும் முதலில் பாதிக்கப்படும்; மயிரை விலக்கிப் பார்த்தால் தெள்ளுப் பூச்சியோ, மிளகுப்பொடி போன்ற அதன் எச்சமோ தென்படும். அவ்வெச்சத்தை ஈரப் பஞ்சில் வைத்தால் செந்நிறமாகக் கரையும். படர்தாமரை என்னும் பூஞ்சண நோயில் வட்டவட்டமாக மயிர் உதிரும்; அரிப்புக் குறைவு; அது மனிதருக்கும் தொற்றும். உணவு ஒவ்வாமையும், சீழ்க்கிருமிகளும் இவைபோன்ற தோற்றத்தை உண்டாக்கலாம்.

ஆதலின் நாயின் சொந்தக்காரர் வைத்தியரிடம் செல்லுமுன் பின்வரும் கேள்விகளுக்கு விடையை நினைவிற்கொண்டு செல்வது மிகவும் உதவியாகும். முதலில் தோன்றியது அரிப்பா, மயிர் உதிர்தலா? எந்த இடத்தில் தொடங்கியது? நாயின் வயதென்ன? உடன் வாழும் நாய்களுக்கும் உண்டா? வீட்டாரில் எவருக்கேனும் அரிப்பு உண்டா? இதற்குமுன் என்ன மருந்து அல்லது ஊசி போடப்பட்டது? இவற்றுள் கடைசிக் கேள்விக்கு ஒளிவின்றி விடை கூறுதல் அவசியம்.

பரிசோதனை

நோயை உறுதி செய்வது தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதேயாகும். கால்நடை வைத்தியர் மழுங்கிய கத்தி முனையில் சிறிது திரவ பாரபின் தடவி, தோலைச் சுரண்டி, அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார். டெமோடெக்ஸ் ஆழத்தில் வாழ்வதால் தோலை விரல்களால் பிதுக்கி, சிறிது இரத்தம் கசியும் வரையில் சுரண்ட வேண்டும். இது கண்டு சொந்தக்காரர் அஞ்ச வேண்டுவதில்லை. கண்ணோரத்திலும் விரலிடையிலும் சுரண்டுதல் கடினமாகையால் அங்கு மயிரைப் பிடுங்கி அதன் வேரைப் பார்ப்பதும் உண்டு.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. டெமோடெக்ஸ் நோயில் பூச்சிகள் ஏராளமாயிருப்பதால் எளிதில் அகப்படும். ஸார்காப்டிஸ் நோயிலோ, உடலெங்கும் அரிப்பிருப்பினும் பூச்சிகள் மிகச் சிலவே. பல இடங்களில் சுரண்டியும் பாதிக்கு மேற்பட்ட நாய்களில் அவை அகப்படாமல் போகலாம். ஆகவே பூச்சி காணப்படவில்லை என்பதைக்கொண்டு தொற்றும் சொறி இல்லையென்று முடிவு செய்யலாகாது. அறிகுறிகள் பொருந்துமாயின் அதற்குரிய மருந்தைக் கொடுத்துப் பார்த்து, குணத்தைக்கொண்டு நோயைத் தெளிவதே முறை.

சிகிச்சை

இப்பொழுது இந்நோய்களுக்குச் சிறந்த மருந்துகள் ஐஸாக்ஸஸோலின் என்னும் வகுப்பைச் சேர்ந்த மாத்திரைகளே. அபாக்ஸோலானர், ப்ளுராலானர், ஸாரோலானர் முதலியன இவ்வகுப்பினவாம். 2013-ம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்த இவை தெள்ளுப் பூச்சிக்கும் உண்ணிக்குமென வெளியிடப்பட்டவை. பின்னர் சொறிக்கும் மிகுந்த பயனுடையவை என்று தெளிவாயிற்று. அபாக்ஸோலானரும் ஸாரோலானரும் மாதம் ஒரு முறையும், ப்ளுராலானர் ஏறக்குறைய மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் கொடுக்கப்படும். நாயை நிறுத்து, அதன் எடைக்கேற்ற மாத்திரையையே வாங்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்கும், இரண்டு கிலோவிற்குக் குறைந்தவற்றிற்கும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது. சில நாய்களுக்கு இவற்றால் வலிப்பு உண்டாகலாமென 2018-ம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. ஆகையால் முன்னர் வலிப்புக் கண்ட நாயாயின் அதை வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும்.

தொற்றும் சொறிக்கு மருந்து கொடுக்கும்போது, அரிப்பு உள்ளதும் இல்லாததுமாக வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதனிடமிருந்து மற்றவற்றிற்கு நோய் மீண்டும் வரும். மாதாந்தர மாத்திரையாயின் இரண்டு முறையேனும் கொடுத்தல் நலம். பூச்சிகள் மடிந்த பின்னும் அரிப்பு சில வாரங்கள் நீடிக்கக் கூடும். மருந்து பலிக்கவில்லையென்று அதற்குள் கைவிடலாகாது.

டெமோடெக்ஸ் சொறி தேகமெங்கும் பரவியிருப்பின் பொறுமை மிகவும் வேண்டும். மயிர் முளைத்து அழகுற்றவுடன் நோய் நீங்கிற்றென்று மருந்தை நிறுத்துவதே மீண்டும் நோய் திரும்புவதற்குப் பெருங்காரணம். மாதம் ஒரு முறை தோலைச் சுரண்டிப் பார்த்து, தொடர்ந்து இரண்டு மாதங்களிலும் பூச்சி காணப்படாத பின்னரே மருந்தை நிறுத்த வேண்டும். அதன் பின்னும் ஓராண்டு கவனித்து வருதல் நலம். சீழ்ப் பிடித்திருப்பின் குளோர்ஹெக்ஸிடின் அல்லது பென்ஸாயில் பெராக்ஸைடு கலந்த ஷாம்புவினால் வாரந்தோறும் குளிப்பாட்டுவதும், தேவையானால் வைத்தியர் தரும் கிருமிநாசினி மருந்துகளும் உதவும்.

மாத்திரை வாங்க வசதியற்ற இடங்களில் பழைய முறைகளும் பயன்படும். அமிட்ராஸ் என்னும் மருந்து உண்ணிக்காக 12.5 சதவிகிதச் சரக்காக விற்கப்படுகிறது. இதில் 2 மில்லி லிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் நாய்க்கு உபயோகிக்கத்தக்க 0.025 சதவிகிதக் கரைசல் கிடைக்கும். அப்போதைக்கப்போது புதிதாய்க் கலந்து, கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் பஞ்சினால் உடலெங்கும் நனைத்து, கழுவாமல் உலரவிட வேண்டும். நான்கு மாதத்திற்குட்பட்ட குட்டிகளுக்கும், சினையான நாய்களுக்கும், நீரிழிவுள்ளவற்றிற்கும் இது ஆகாது. நாய் மிகவும் சோர்ந்து, உடல் குளிர்ந்து, நாடி தளர்ந்தால் உடனே கழுவிவிட்டு வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய கந்தகச் சுண்ணாம்புக் கரைசலும் தொற்றும் சொறிக்கு நற்குணம் தருவது; இளங்குட்டிகளுக்கும் ஏற்றது. வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் முதலியவை தோலின் வறட்சியைத் தணிக்கும். ஆயின் மயிர்க்காலின் ஆழத்தில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சியை அவற்றால் ஒழிக்க முடியாது.

செய்யத் தகாதவை

முதலாவதாக, மண்ணெண்ணெயையும், வண்டிகளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயையும் நாயின்மீது பூசுதல் மிகக் கொடிய செயலாகும். இவை தோலை வேகச் செய்யும். நாய் நக்குவதால் நஞ்சு வயிற்றுக்குள் செல்லும். நோயினால் சாகாத நாய் இவ்வைத்தியத்தினால் சாகலாம்.

இரண்டாவதாக, மாட்டிற்கென வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கண்ணளவாக நாய்க்குப் போடுதல் கூடாது. இம்மருந்து சொறிக்குப் பயன்படுவதே. எனினும் அளவே அதில் உயிர்நிலை. வழக்கமான ஒரு சதவிகித மருந்தில் ஒரு மில்லி லிட்டரில் 10 மில்லிகிராம் உள்ளது. அது 50 கிலோ எடையுள்ள மாட்டின் அளவு. அதே ஒரு மில்லி லிட்டரை 10 கிலோ நாய்க்குப் போட்டால் ஐந்து மடங்கு மருந்து சென்றுவிடுகிறது. கோலி முதலிய சில சீமை ஜாதிகளிலும் அவற்றின் கலப்பிலும் பிறந்த நாய்களுக்கு, மூளைக்குள் இம்மருந்து புகாமல் தடுக்கும் அமைப்புப் பிறவியிலேயே குறைவுபட்டிருக்கும். இக்குறையின் காரணம் 2001-ம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அத்தகைய நாய்களுக்கு, சொறிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவே தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், பார்வைக் குறைவு, நினைவிழத்தல் ஆகியவற்றை உண்டாக்கி மரணத்தில் முடியக் கூடும். இதற்கு நேரான மாற்று மருந்து கிடையாது.

மூன்றாவதாக, அரிப்பை அடக்குவதற்கென்று காரணம் அறியாமல் ஸ்டீராய்டு ஊசி போடுவித்தல் தகாது. ஊசி போட்ட மறுநாளே அரிப்பு நின்று நாய் அமைதியாக உறங்கும், சொந்தக்காரரும் மகிழ்வார். ஆனால் டெமோடெக்ஸ் சொறியாயின், அம்மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குன்றச் செய்வதால், காசளவு வட்டமாயிருந்து தானே ஆறியிருக்கக் கூடிய நோய் தேகமெங்கும் பரவிவிடும். குட்டிகள் பல இவ்வாறே வீணாக மடிகின்றன. முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்குமாறு கேட்பது சொந்தக்காரரின் உரிமையும் கடமையுமாகும்.

நான்காவதாக, நாய்க்கென வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்துகளைப் பூனைக்கு இடலாகாது. பூனைக்கு அது கொடிய நஞ்சு.

வீட்டாரும் படுக்கையும்

தொற்றும் சொறியுள்ள நாயைத் தூக்குவோருக்கும், அதனோடு விளையாடும் குழந்தைகளுக்கும் கைகளிலும் வயிற்றிலும் அரிப்புள்ள சிறு பருக்கள் தோன்றலாம். நாயின் பூச்சி மனிதரின் தோலில் பெருகி நிலைப்பதில்லையாகையால், நாய் குணமானபின் இது சில வாரங்களில் தானே மறையும். விரலிடுக்குகளில் பருக்கள் தோன்றி, இரவில் அரிப்பு மிகுந்து, குடும்பத்தார் ஒவ்வொருவருக்காகப் பரவுமாயின், அது மனிதருக்கே உரிய சிரங்காகும். அதற்கு நாயின்மேல் பழி போட்டு விரட்டுவதால் பயனில்லை. ஆஸ்பத்திரிக்குச் செல்வதே தக்கது.

நாயின் உடலை விட்டு நீங்கிய ஸார்காப்டிஸ் பூச்சி சில நாட்களே உயிரோடிருக்கும். குளிர்ந்த ஈரமான இடத்தில் மட்டும் அதிக நாட்கள் தாங்கும். ஆகையால் பழைய கோணியை எரித்துவிட்டு, துணிகளைக் கொதிநீரில் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்தினால் போதும். வலியுள்ள நாய் தன் எஜமானனையும் கடிக்குமாதலால், மருந்திடும்போது வாயைக் கட்டிக்கொள்வதும், வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வருவதும் அவசியம்.

இனவிருத்தியில் கவனம்

தேகமெங்கும் பரவும் டெமோடெக்ஸ் சொறிக்கு இடங்கொடுக்கும் குறை பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்கு வருவது. ஆகவே இளமையில் அவ்வாறு நோயுற்ற நாயை, குணமான பின்னும், எவ்வளவு சிறந்த ஜாதியாயினும் இனவிருத்திக்கு விடலாகாது. பெண் நாயாயின் ஒவ்வொரு பருவத்திலும் நோய் திரும்பக் கூடுமாதலால் கருத்தடை செய்துவிடுதல் அதன் நன்மைக்கும் உகந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய நம் நாட்டு ஜாதிகளை வளர்ப்போர் இதைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும். எண்ணிக்கை குறைந்த ஜாதிகளில் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலப்புச் செய்ய நேரிடுகிறது. அப்போது மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படுதல் இயல்பு. நல்ல விலை கிடைக்கிறதென்று நோயுள்ள கால்வழியைப் பெருக்குவது, அந்த ஜாதியையே நாம் கெடுப்பதாகும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், அரிப்பு முந்தியதா, மயிர் உதிர்தல் முந்தியதா என்று கவனிக்க, தோலைச் சுரண்டிப் பரிசோதிப்பிக்க, காரணம் தெளியுமுன் ஸ்டீராய்டு ஊசியைத் தவிர்க்க, எடையறிந்து மருந்திடுக, தொற்றும் சொறியாயின் எல்லா நாய்களுக்கும் ஒருங்கே சிகிச்சை செய்க, டெமோடெக்ஸ் சொறியாயின் பூச்சி அறவே நீங்கும் வரையில் மருந்தை விடாதிருக்க. இம்முறைகளைக் கைக்கொண்டால், விரட்டப்படவிருந்த நாய் இரண்டொரு மாதங்களில் மயிர் செழித்து மீண்டும் களத்தின் ஓரத்தில் காவலிருக்கும் என்பது திண்ணம். நமக்காக விழித்திருக்கும் பிராணிக்கு ஓரிரவு நிம்மதியான உறக்கத்தை அளிப்பது நாம் செய்யும் உபகாரமன்று. பட்ட கடனைத் தீர்ப்பதேயாகும்.